மாமனார் அட்டையில் என் முகம்

அரசாங்கக் கணக்குப்படி நான் என் மாமியாருக்குக் கணவனாகச் சில நாட்கள் இருந்திருக்கிறேன். பதற வேண்டாம், என் மனைவிக்கு இது தெரியும். சொல்லப்போனால் இந்தக் கதையை என்னைவிட அவள்தான் நன்றாகச் சொல்லுவாள். அவள் சொன்னால் நான் இன்னும் பெரிய முட்டாளாகத் தெரிவேன் என்பதால் முந்திக்கொண்டு நானே எழுதிவிடுகிறேன்.

என் மாமனார் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகிற ஊர் அவருடையது. (பட்டாளத்துக்குப் போகாதவனுக்கு அங்கே யாரும் பெண் கொடுக்க மாட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.) நானோ தில்லியிலேயே பிறந்து வளர்ந்து, அப்பாவைப் போலவே மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பதவி உயர்ந்து உயர்ந்து செக்‌ஷன் ஆபீசர் ஆனவன். எங்கள் பரம்பரையில் துப்பாக்கியைப் பார்த்ததெல்லாம் குடியரசு தின அணிவகுப்பில்தான். அதுவும் டிவியில்.

மாமியார் பெயர் சரோஜா. அவர்கள் குடும்பத்தில் மாமியார் மாப்பிள்ளை முன்னால் வந்து நிற்கிற வழக்கமில்லை. நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அறவே இல்லை. பெரிய வீடு, முற்றம், கொல்லைப்புறம் என்று இருக்கிற இடத்தில் இது சாத்தியம். லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு ஒதுக்கியிருந்த இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் இதைக் கடைப்பிடிக்கச் சர்க்கஸ் தெரிந்திருக்க வேண்டும். நான் ஹாலுக்கு வந்தால் அவர் சமையலறைக்குப் போவார். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால் அவர் பால்கனிக்குப் போவார். எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவி கௌரியிடம் சொல்லுவார். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு." கௌரி வீட்டில் இல்லாத நேரங்களில் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "தோசை இன்னும் ரெண்டு இருக்குது" என்பார். நானும் அதே பெட்டியைப் பார்த்து, "போதும்" என்பேன். மாமனாரும் மாமியாரும் எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டி எங்கள் குடும்ப விவகாரங்கள் அத்தனையையும் கேட்டிருக்கிறது.

அப்படி ஒளிந்து ஒளிந்து நடந்தவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. எங்கள் வீடு இரண்டாவது மாடி. அரசாங்கம் அந்தக் கட்டடத்தைக் கட்டியபோது லிஃப்ட் என்ற ஒன்றை யோசிக்கவே இல்லை. மாமியார் கீழே இறங்குவது கோயில் தேர் கிளம்புவது போல எப்போதாவது நடக்கிற காரியமாகி, பிறகு அதுவும் நின்றுபோனது. பால்கனியில் உட்கார்ந்து கீழே காய்கறி வண்டிக்காரரிடம் "பையா, பிண்டி கைசா?" என்று வெண்டைக்காய் விலை கேட்டுக் கத்துவதோடு அவருடைய வெளியுலகம் முடிந்துவிடும்.

நல்லவேளையாக மாமனாருக்கு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் அட்டை இருந்தது. சார்ந்திருப்பவர் என்ற முறையில் மாமியாருக்கும் உண்டு. பாலிகிளினிக் டாக்டர் பார்த்து, அறுவை சிகிச்சைதான் வழி என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பல மாதக் காத்திருப்புக்குப் பிறகு வலது முழங்காலுக்குத் தேதியும் கிடைத்தது. வியாழக்கிழமை சேர வேண்டும். தவறினால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைகிறேன்.

அட்டை ஒரு தடவை வாங்கினால் போதும், ஆயுளுக்கும் செல்லும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. அட்டைக்கு உரியவர் உயிரோடு இருக்கிறார், அவரைச் சார்ந்தவர் இன்னும் அவரைத்தான் சார்ந்திருக்கிறார் என்று வருஷாவருஷம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அட்டை தூங்கிவிடும். அதுவரை மாமனார் இதற்காகப் பாலிகிளினிக்கில் போய் வரிசையில் நின்று, பழைய நண்பர்கள் நாலு பேரைப் பார்த்து, டீ குடித்துவிட்டு வருவார். அந்த வருஷம் புதிதாக மொபைல் ஆப் ஒன்று வந்திருந்தது. முதல் தடவை முகத்தைப் பதிவு செய்துவிட்டால் அடுத்தடுத்த வருஷங்கள் அதை வைத்தே சரிபார்த்துக்கொள்ளும்.

"நாளைக்கு பாலிகிளினிக் போயி அங்கேயே செஞ்சிட்டு வந்துடறேம்பா. அவங்களே மிஷின் வெச்சிருக்காங்க" என்றார் மாமனார்.

"எதுக்கு மாமா கியூவில நிக்கணும்? நான் இருக்கேன்ல" என்றேன் நான்.

இந்த "நான் இருக்கேன்ல" என்ற வார்த்தையை அந்தக் காலத்தில் நான் அடிக்கடி சொல்லுவேன். எங்கள் பிளாக்கில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். கேஸ் இணைப்பா, பென்ஷனா, குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷனா, கொண்டு வா. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்பது என் சித்தாந்தம். ராணுவத்தின் ஒரு ஆப் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பனியனும் லுங்கியுமாக, சவரம் செய்யாத முகத்தோடு, நான் ஆப்பைத் திறந்து மாமனாருடைய பெயர், படை எண், பதவி எல்லாவற்றையும் நிரப்பினேன். "வாங்க மாமா, சோபாவில உக்காருங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது மழமழவென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டை, டை, ரெஜிமெண்ட் பிளேசர், தலையில் தொப்பி, பாலிஷ் போட்ட ஷூ. (ஆப் பார்ப்பது முகத்தை மட்டும்தான். ஷூ எதற்கு என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.) சோபாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரோரம் டியூப்லைட்டுக்குக் கீழே போய் சாவ்தானில் நின்றார். சாவ்தான் என்றால் அட்டென்ஷன். கணுக்கால் சேர்ந்து, நெஞ்சு முன்னால் வந்து, பார்வை எதிரே இருந்த காலண்டரைத் துளைத்துக்கொண்டு போனது.

நான் மொபைலைப் பிடித்தேன். வட்டத்துக்குள் அவர் முகம் கச்சிதமாக விழுந்தது. ஆப்புக்குள் இருந்த பெண் குரல் இந்தியில் கண் இமையைச் சிமிட்டச் சொன்னது. ஆள் உயிரோடு இருக்கிறாரா, இல்லை போட்டோவைக் காட்டி ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்காம்.

மாமனார் சிமிட்டவில்லை.

"மாமா, கண்ணைச் சிமிட்டணும்."

"சிமிட்டறேம்பா."

"சிமிட்டலையே."

"பின்னே? ஒருத்தன் எதிரே நின்னு படம் எடுக்கறப்போ எப்படிச் சிமிட்டறது? பேரேட்ல நின்னா ஈ வந்து இமையில உக்காந்தாலும் அசையக் கூடாது. ராஜஸ்தான்ல மணல் காத்துல ஜெனரல் சாப் வர்ற வரைக்கும் அப்படியே நின்னிருக்கேன். தெரியுமா?"

இதைச் சொல்லும்போதும் அவர் சிமிட்டவில்லை. நான் அவரைச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பார்த்திருக்கிறேன். எல்லோரையும் போலத்தான் சிமிட்டுவார். ஆனால் அந்த மொபைலை உயர்த்தினால் போதும், எங்கோ கொடி ஏற்றிவிட்டதாக அவர் கண்கள் முடிவு செய்துவிடும்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆப் தன் தீர்ப்பைச் சொன்னது.

"இன்னா சொல்லுது?" என்றார் மாமனார்.

நான் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன். "நீங்க உயிரோட இல்லைன்னு சொல்லுது மாமா."

சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. தொடர்ந்து மாமியாரின் குரல்: "கௌரி, மாப்பிள்ளைய வாயைக் கழுவிட்டு வரச் சொல்லு."

அதன் பிறகு எல்லா உபாயங்களையும் செய்து பார்த்தோம். கௌரி அவர் காதருகே கை தட்டினாள். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராக வைத்தோம். தொப்பி பறந்தது, இமை அசையவில்லை. சமையலறையிலிருந்து கௌரி மூலமாக ஒரு யோசனை வந்தது. வெங்காயம். பாதி வெட்டிய வெங்காயத்தை அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, டையில் சொட்டியது. சுபேதார் சாஹிப் கண்ணீரோடு, கண்ணைத் திறந்தபடியே நின்றார். எனக்கே தேசபக்தி வந்துவிட்டது.

பொறுமை போய்விட்டது எனக்கு. "இதுல என்ன மாமா கஷ்டம்? இதோ பாருங்க, இப்படி" என்று மொபைலை என் பக்கம் திருப்பி, முகத்தை வட்டத்துக்குள் வைத்து, அழகாக ஒரு முறை சிமிட்டிக் காட்டினேன்.

டிங் என்று ஒரு சத்தம். பச்சை நிறத்தில் ஒரு டிக். திரை முழுக்க வண்ணக் காகிதங்கள் பறந்தன. பெண் குரல் சுபேதார் சாஹிபுக்கு நன்றி சொன்னது.

அப்புறம் புதிய டிஜிட்டல் அட்டை திரையில் வந்தது. பெயர் மாமனாருடையது. படை எண் மாமனாருடையது. முகம் என்னுடையது. பனியன், தாடி, கலைந்த தலை, வேலை முடிந்த கர்வத்தில் ஒரு லேசான சிரிப்பு. அதற்குப் பக்கத்தில், அதே வரிசையில், பழைய பதிவிலிருந்து எடுத்த மாமியார் படம். கீழே மனைவி என்று போட்டிருந்தது. ஏதோ ஸ்டுடியோவில் சேர்ந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தோம்.

மாமனார் சாவ்தானைக் கலைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மொபைலை வாங்கி நிதானமாகப் பார்த்தார். (இப்போது நன்றாகச் சிமிட்டினார்.)

"ரேங்க் எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றார்.

கௌரி எட்டிப் பார்த்தாள். பிறகு சத்தமே இல்லாமல் கட்டிலில் போய் விழுந்தாள். உடம்பு குலுங்குவதைப் பார்த்து அழுகிறாளோ என்று பயந்து ஓடினேன். சிரிப்பு மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது. "ஆச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டார் மாமியார். கௌரிதான் ஒருவழியாக எழுந்து மொபைலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு சமையலறைக் கதவு சாத்தப்பட்டது. அந்தக் கதவு சாத்தி நான் அதுவரை பார்த்ததே இல்லை. மத்தியானம் எனக்கு வந்த சாம்பாரில் உப்பு இல்லை.

இதோடு நின்றிருக்கலாம். தவறைத் திருத்துகிறேன் என்று மறுபடியும் ஆப்பைத் திறந்து, மாமனாரை நிறுத்தி, முயன்றேன். பதிவில் உள்ள முகத்தோடு பொருந்தவில்லை என்றது. இன்னொரு தடவை முயன்றேன். விடாமல் முயன்றேன். கடைசியில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. ஆள்மாறாட்டம் நடப்பதாகச் சந்தேகம், அட்டை நிறுத்தி வைக்கப்படுகிறது. மாமனார் அட்டை போனால் அதோடு சேர்ந்தது மாமியார் அட்டை. வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கவுண்டரில் இந்த அட்டையைத்தான் கேட்பார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மாமனாரோடு பாலிகிளினிக் போனேன். கவுண்டரில் இருந்த அம்மையார் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "சுபேதார் சாப், நீங்க ரொம்ப இளமையா ஆயிட்டீங்களே" என்று இந்தியில் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் முதுகு வளையாத முன்னாள் சிப்பாய்கள். ஒருவர் பின் ஒருவராக, ஒழுங்கு குலையாமல், வந்து என் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய மீசை வைத்த ஹவில்தார் ஒருவர் என் தோளில் தட்டி, எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டார்.

ஆள்மாறாட்டம் என்று விழுந்துவிட்டதால் பொறுப்பு அதிகாரி மட்டும்தான் சரிசெய்ய முடியுமாம். ஓய்வு பெற்ற கர்னல். அவர் எதிரில் அட்டைக்காரர் வர வேண்டும், முகத்தைக் கொடுத்தவன் வர வேண்டும், மனைவியும் நேரில் வந்து யார் தன் கணவர் என்று சொல்ல வேண்டும்.

"அவங்களால மாடி இறங்க முடியாது மேடம். அதுக்குத்தான் ஆபரேஷனே, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில சேரணும்" என்றேன்.

"வியாழக்கிழமை சேரணும்னா நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஜல்தி."

ஆட்டோவில் திரும்பி வரும்போது மாமனார் சொன்னார்.

"அவ எறங்கறதே இல்லைன்னுதானே நீங்கல்லாம் நெனச்சிக்கினு இருக்கீங்க? எறங்குவா. நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம், படிக்கட்டுல ஆளில்லாத நேரமா பாத்து, ஒவ்வொரு படியா உக்காந்து உக்காந்து எறங்குவா. கீழ அந்த வேப்ப மரத்துக்கிட்ட கொஞ்சம் நிப்பா. அப்புறம் அதே மாதிரி உக்காந்து உக்காந்தே ஏறுவா. யாரும் பாத்துடக் கூடாதுன்னு நான் கீழ காவல் நிப்பேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. (ஏற்கெனவே ஒரு தவறான இடத்தில் வைத்தாகிவிட்டது.) வரிசையில் நின்று, டீ குடித்துவிட்டு முடித்து வந்திருக்க வேண்டிய ஒரு வேலையை என் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக நான் பிடுங்கிக் கெடுத்திருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. முன்பு டாக்டரிடம் கூட்டிப்போனபோது எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மாமியாரை நாற்காலியோடு தூக்கி இறக்கியிருந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நானும் மாமனாரும். நாற்காலியின் முதுகுப்பக்கம் மாமனார் பிடிக்க, கால்பக்கம் நான் பிடித்து, பின்பக்கமாக இறங்க வேண்டும். அதாவது மாமியார் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. மருமகன் முன்னால் நிற்கவே மாட்டாதவர், இரண்டு மாடிக்கு மருமகனைப் பார்த்தபடி உட்கார்ந்து வர வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாயே... தாயினே... பாயே..." என்று மாமனார் மேலிருந்து லெஃப்ட் ரைட் சொன்னார். நான் இடது காலை வைக்க வேண்டிய இடத்தில் வலதை வைத்தேன். நாற்காலி சாய்ந்தது.

"கௌரி, மாப்பிள்ளைய படியைப் பாத்து எறங்கச் சொல்லு" என்றார் மாமியார், தலைப்புக்குள்ளிருந்து.

கௌரி பையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கீழே போய்விட்டாள். "என்னம்மா?" என்றாள் முதல் மாடியிலிருந்து.

"மாப்பிள்ளைய படியைப் பாக்கச் சொல்லு!"

"ஏங்க, படியைப் பாருங்க!" என்று கீழிருந்து கத்தினாள் கௌரி.

"பாத்துக்கிட்டுத்தான் வரேன்னு சொல்லு!" என்று நான் கீழே கத்தினேன்.

"பாத்துக்கிட்டுத்தான் வராராம்மா!"

"பாக்கலன்னு சொல்லு!"

இப்படியே தரைத்தளம் வரைக்கும் வந்தோம். ஒரு முழ தூரத்தில் இருக்கிற இரண்டு பேருடைய பேச்சு ஒரு மாடி கீழே போய்ப் போய்த் திரும்பி வந்தது. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, "அச்சா, அச்சா" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

கர்னல் அறையில் நான்கு பேரும் போய் நின்றோம். மாமியாருக்கு மட்டும் நாற்காலி. மாமனார் உள்ளே நுழைந்த மறுகணம் சாவ்தான். கவுண்டர் அம்மையார் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் நான் பனியனோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். கர்னல் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மீசை மட்டும் லேசாக அசைந்தது. மற்றபடி சிரிக்கவில்லை.

மாமனார் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். கர்னல் கையை உயர்த்தினார். "சாஹிப், நீங்க பேசக் கூடாது. அவங்கதான் சொல்லணும்." பிறகு மாமியாரிடம் திரும்பி, திரையைக் காட்டி, இந்த ஆள் உங்களுக்கு யார் என்று இந்தியில் கேட்டார்.

மாமியார் என் எதிரில் நேராக வாயே திறக்க மாட்டாரே, அதுவும் இந்தியில், அதுவும் அதிகாரி முன்னால். கௌரிக்குச் சொல்லி, கௌரி கர்னலுக்குச் சொல்லி, இதெல்லாம் செல்லுமா?

மாமியார் தலைப்பைத் தோளுக்கு இறக்கினார். முப்பது வருஷம் வடக்கே ராணுவக் கண்டோன்மெண்ட் கண்டோன்மெண்டாகக் குடித்தனம் செய்தவர் என்பதை நான் மறந்திருந்தேன். திரையைப் பார்த்தார். முதல் தடவையாக என்னையும் நேராகப் பார்த்தார்.

"ஏ மேரா தாமாத் ஹை, சாப். பாபு ஹை. அகல் தோடா கம் ஹை, தில் அச்சா ஹை."

இவர் என் மாப்பிள்ளை. ஆபீஸ்காரர். புத்தி கொஞ்சம் கம்மி, மனசு நல்லது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து என் மாமியார் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

கௌரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கவுண்டர் அம்மையார் பேனாவைப் பிடித்தபடி கர்னலைப் பார்த்தார். "அவங்க என்ன சொன்னாங்களோ அதையே எழுதுங்க" என்றார் கர்னல். எழுதினார்கள். ஆங்கிலத்தில், முழுசாக. மாமியார் கையெழுத்துப் போட்டார். புத்தி கம்மி என்பதற்குச் சாட்சியாக என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

என் முகத்தை நீக்கிவிட்டார்கள். இனி மாமனார் முகத்தைப் பதிய வேண்டும். அங்கேயும் அதே ஆப், அதே பெண் குரல். வீட்டு ஹாலிலேயே சிமிட்டாதவர் கர்னல் முன்னால் சிமிட்டுவாரா? கல் மாதிரி நின்றார். "விஷ்ராம், சாஹிப்" என்றார் கர்னல். தளர்ந்து நிற்கச் சொல்லும் உத்தரவு. மாமனாரின் கால்கள் டக்கென்று விலகின. கைகள் பின்னால் போயின. கண்கள் மட்டும் உத்தரவைக் கேட்கவில்லை. ஆப் மறுபடியும் அவர் உயிரோடு இல்லை என்று சொல்லத் தயாரானது. இன்னும் ஒரு முயற்சிதான் பாக்கி, இதுவும் போனால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார் அம்மையார். வியாழக்கிழமை கைவிட்டுப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது மாமியார் தமிழில், நிதானமாக, அறையில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, எங்கப்பாவை பக்கத்துல வெச்சிக்கினே என்னைப் பாத்து கண்ணடிச்சீங்களே. அன்னிக்கு எங்க போச்சு இந்த சாவ்தான்?"

மாமனாரின் காது சிவந்தது. கழுத்து சிவந்தது. இமைகள் படபடவென்று அடித்துக்கொண்டன, ஒரு தடவை அல்ல, பல தடவை.

டிங்.

பச்சை டிக் வந்தது, வண்ணக் காகிதங்கள் பறந்தன. கர்னலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து வந்து மாமியாருக்கு ஒரு சல்யூட் வைத்தார். மாமனார் யாரையும் பார்க்காமல் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கவுண்டரில் அட்டையைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் மாமனார் முகம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது கௌரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள், மாமனார் டாக்டரோடு வெளியில் இருந்தார். அறையில் நான் மட்டும்தான். வழக்கப்படி வெளியே போய்விட எழுந்தேன். குளிர்சாதனப் பெட்டி எதுவும் அங்கே இல்லை. மாமியார் என்னையே பார்த்து, "மாப்பிள்ளை, எதனா சாப்டீங்களா?" என்று கேட்டார். நானும் அவரையே பார்த்து, "இல்லை" என்றேன்.

பிறகு இடது முழங்காலுக்கும் ஆபரேஷன் முடிந்து, இப்போது இரண்டு காலும் சரியாகிவிட்டன. மாமியார் தானே இறங்கி, நின்றுகொண்டே காய்கறிக்காரரோடு சண்டை போடுகிறார். எனக்கு எதிரில் சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். நேராகவே திட்டுகிறார். பாலிகிளினிக் கோப்பில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைக் கௌரி மொபைலில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். நான் போன் செய்தால் அவள் திரையில் என் முகம் வராது, அதுதான் வரும்.

வருஷத்துக்கு ஒரு தடவை அட்டையை உயிர்ப்பிக்கும் நாள் வரும். எங்கள் வீட்டில் அது தீபாவளிக்கு அடுத்த பண்டிகை. ஏனென்றால் மாமனார் இன்றைக்கும் தானாகச் சிமிட்டுவதில்லை. பழைய கதைக்கும் அசைய மாட்டார். வருஷாவருஷம் மாமியார் புதிதாக ஒன்றை எடுத்துவிட வேண்டும். போன வருஷம் ஜபல்பூரில் தோசை சுடப் போய்ச் சமையலறைத் திரையைக் கொளுத்திவிட்டு, பழி முழுவதையும் பக்கத்து வீட்டுப் பூனை மேல் போட்ட சமாசாரம் வெளியே வந்தது. இன்னும் எத்தனை வைத்திருக்கிறார் என்று கேட்டால், "ஆண்டவன் புண்ணியத்துல நிறைய இருக்குது, அவரு நூறு வயசு வரைக்கும் அட்டைக்குக் கவலையில்லை" என்கிறார்.

அன்றைக்குக் காலையிலேயே பிளேசரும் ஷூவுமாக மாமனார் டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றுவிடுவார். மாமியார் சோபாவில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, என்னைப் பார்த்து நேராகவே சொல்லுவார்.

"மாப்பிள்ளை, மொபைலை மட்டும் குடுங்க. மூஞ்சிய அந்தாண்ட எடுத்துக்கினு போயிடுங்க."